பன்னிரண்டாவது கல்

சாயங்காலம் நாலே முக்கால். நவம்பர் முதல் ஞாயிறு. ஹார்லோ ஊரைத் தாண்டி இருபத்தாறு மைல் மண் ரோடு... ஒரு வீடு கிடையாது, ஒரு வேலி கிடையாது. அந்த ரோடு முடிகிற இடத்தில் ஒரே ஒரு கார். வெள்ளைக் கார். பின்கண்ணாடி முழுக்கப் போய் வந்த மலையூர்களின் ஸ்டிக்கர். உள்ளே ஆள் இல்லை. காலையிலிருந்தே இல்லை.

நெருப்புக்கு நெருங்கி உட்காருங்கள். கிப், அந்தப் போர்வையில் எனக்கும் பங்கு உண்டு.

இது என் அறைத்தோழன் வேடின் அக்கா வீட்டுக்காரனுக்கு நடந்தது. வேட் இந்தத் தடவை வரவில்லை. அதனால்தான் மரியாதை இல்லாமல் சொல்ல முடிகிறது.

அக்கா பெயர் மார்னி. வீட்டுக்காரன் கேரிக். டென்வரில் வேலை. என்ன வேலை என்று வேடுக்கே தெரியாது, கேரிக்குக்கும் தெரியும் என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் வாழ்ந்தது வேலையில் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத்தான் அவனுக்கு உயிர் வரும். காரை எடுப்பான். இரண்டு நாளில் ஒரு மலையூர், ஒரு பாலைவனப் பள்ளத்தாக்கு. ஞாயிறு இரவு திரும்பி வந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய பட்டியலில் ஒரு ‘டிக்’. ஊருக்கு ஸ்டார் போடுவான். காஃபிக்குப் போடுவான். பேக்கரிக்குப் போடுவான். ஒரு தடவை ஒரு மலைக்கே மூன்று ஸ்டார் போட்டான். ‘பார்க்கப் பரவாயில்லை, பெரிதாக எதுவும் செய்யவில்லை’ என்று கீழே எழுதியிருந்தான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. போகிற இடமெல்லாம் கல்மேல் கல் அடுக்குவான். கோபுரம் மாதிரி. பின்னால் சூரியன், முன்னால் கோபுரம், பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேரிக். போட்டோ எடுப்பது மார்னி. அதற்குக் கீழே மௌனத்தைப் பற்றி நீளமாக எழுதுவான்.

அந்த ஞாயிறு காலை ஹார்லோவில் பெட்ரோல் போட நிறுத்தினார்கள். மார்னி பாத்ரூம் போனாள். கேரிக் கடைக்குள் போனான். கல்லாவில் வெர்லா. அறுபது வயது இருக்கும், ஆண்களுடைய கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். கண்ணாடிக் கதவில் வெயிலில் வெளுத்த ஒரு நோட்டீஸ். போட்டோவில் ஒரு கிழவர், கையில் பாதி உரித்த கமலா ஆரஞ்சு. ‘ஆரின் பெக்ஸ்டெட். ஏப்ரல் இருபத்தொன்று முதல் காணவில்லை.’

“ஸ்கூல் பஸ் ஓட்டினவர்,” என்றாள் வெர்லா, அவன் கேட்காமலே. “முப்பத்தொரு வருஷம். தலையை எண்ணாம ஒரு நாள் வண்டியை எடுத்ததில்ல. எம் பசங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு சுளை குடுத்துக்கிட்டே எண்ணுவார்.”

“ஓ,” என்றான் கேரிக், போனைப் பார்த்தபடி.

“நீ அந்தப் பள்ளத்தாக்குக்குத்தானே போறே? அங்க பாறைமேல பாதை கிடையாது தம்பி. மூணு மூணு கல்லா அடுக்கி வெச்சிருப்போம். அதைப் பாத்துத்தான் நடக்கணும். போன ஏப்ரல்ல எவனோ ஒரு பரதேசி அதுல இருந்த தட்டைக் கல்லையெல்லாம் பொறுக்கிட்டுப் போயி, விளிம்புல கோபுரம் கட்டி வெச்சிருந்தான். போட்டோவுக்காம். ஆரினுக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல். பொழுது சாயுற நேரம். கல்லு தெரிஞ்சுது, வழின்னு நெனச்சு நடந்தார். நானூறு அடி பள்ளம். தொப்பி மட்டும்தான் கிடைச்சுது.”

கேரிக் போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி அந்தக் கோபுரத்தைக் கட்டியது அவன்தான். அவன் போட்ட படங்களிலேயே அதிகம் ஓடிய படம் அது. பன்னிரண்டாயிரம் இதயம்.

அவன் கேட்டது ஒரே ஒரு கேள்வி. “அந்தக் கோபுரம் இப்ப இருக்கா?”

“தேடப் போனவங்க எட்டி உதைச்சுட்டாங்க.”

அவனுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. கோபுரத்துக்காக.

“அங்க கம்பத்துல நோட்டு இருக்கும்,” என்றாள் வெர்லா. “எத்தனை பேர் போறீங்கன்னு எழுது. வெளிய வந்ததும் எத்தனை பேர்னு எழுது. அதை வெச்சுத்தான் தேடுவோம். கல்லைத் தொடாதே.”

“கண்டிப்பா மேடம்.”

வெளியே மார்னி காத்திருந்தாள். “என்ன சொன்னாங்க அந்தம்மா?”

“ஒண்ணுமில்ல. காஃபி ரெண்டரை ஸ்டார்.”

அந்த ரெண்டரை ஸ்டார் இன்னும் அப்படியே இருக்கிறது. வேண்டுமானால் போனில் பாருங்கள். இங்கே சிக்னல் இருந்தால்.

ரோடு முடிகிற இடத்தில் மரக்கம்பம். அதில் இரும்புப் பெட்டி. நீங்கள் எல்லோரும் இன்றைக்குப் பார்த்தீர்களே, அதேதான். உள்ளே நோட்டு, நூலில் கட்டிய நீலப் பேனா. கேரிக் எழுதினான். பெயர்: பனிமலைக் குரங்கு மனிதன். ஆட்கள்: 57.

“எதுக்கு இப்படி எழுதறே?” என்றாள் மார்னி.

“இதை யார் படிக்கப் போறா?”

“ஏதாவது ஆச்சுன்னா?”

“ஆச்சுன்னா அம்பத்தேழு பேரைத் தேடுவாங்க. நமக்கு லாபம்தானே.”

பாறைவெளியில் ஏறினார்கள். வழவழப்பான சிவப்புப் பாறை, ஒன்றரை மைலுக்கு. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி. அங்கங்கே மூன்று கல், மூன்று கல். கேரிக் நாலாவது அடுக்கில் குனிந்தான். மேல் கல்லை எடுத்துப் பையில் போட்டான். அப்புறம் நடுக்கல். அப்புறம் அடிக்கல்.

“அது வழிக்கு வெச்ச கல்லு,” என்றாள் மார்னி.

“திரும்பி வரும்போது வெச்சிடலாம்.”

“வேற கல்லே இல்லையா?”

“அதெல்லாம் உருண்டை. போட்டோவுல உருளைக்கிழங்கு மாதிரி தெரியும்.”

இப்படி நாலு அடுக்கு காலி. விளிம்புக்குப் போனான். அதே இடம். பன்னிரண்டில் ஒன்று உருண்டை, அதை ஓரமாக எறிந்தான். மீதி பதினோரு கல், பெரிதிலிருந்து சிறிது வரை. முக்கால் மணி நேரம் ஆனது. அறுபத்துமூன்று போட்டோ. ஒவ்வொன்றிலும் கண் மூடியிருந்தான். ஒன்றில் மட்டும் திறந்திருந்தது, அதை அழிக்கச் சொன்னான். மார்னிக்கு விளிம்பே பிடிக்கவில்லை. ஏப்ரலில் என்ன நடந்தது என்று அவளிடம் அவன் சொல்லவும் இல்லை.

அதற்கப்புறம் பக்கச் சரிவு வழியாகப் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். அடிவரை போய்ப் பார்த்தார்கள். இரண்டு ஸ்டார். திரும்பி ஏறும்போது மார்னி வழுக்கினாள். ‘டப்’ என்று ஒரு சத்தம். காய்ந்த குச்சி மாதிரி. கணுக்கால்.

அப்போதுதான் மணி நாலே முக்கால்.

கேரிக் போனைப் பார்த்தான். “நேத்து ஆறேகால் வரைக்கும் வெளிச்சம் இருந்துச்சு. இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு. நான் கார் வரைக்கும் ஓடிப் போய் ஆள் கூட்டிட்டு வந்துடறேன்.”

நவம்பர் முதல் ஞாயிறு என்று சொன்னேன், இல்லையா? வருஷா வருஷம் போல, குளிர்கால நேரத்துக்கு மாற, அன்று அதிகாலை இரண்டு மணிக்கு நாடு முழுக்கக் கடிகாரம் ஒரு மணி பின்னால் போயிருந்தது. போன் தானாக மாறிக்கொண்டது. சூரியன் மாறிக்கொள்ளவில்லை. காலையில் படுக்கையிலிருந்தபடியே “ஒரு மணி நேரம் சும்மா கிடைச்சுதே” என்று சந்தோஷப்பட்டவன் இவன்தான். அந்த ஒரு மணி நேரத்தைச் சாயங்காலம் திருப்பி வாங்கிக்கொள்வார்கள் என்று தோன்றவில்லை.

“ராத்திரி இங்க உறைஞ்சு போயிடும் கேரிக்,” என்றாள் மார்னி. “நீ வரலைன்னா நான் காலையில இருக்க மாட்டேன்.” சும்மா வானிலை சொல்கிற குரலில் சொன்னாள்.

அவளுடைய தடித்த ஜாக்கெட் காரில் இருந்தது. அவனுடையது அவன்மேல் இருந்தது. கடைசிவரை அது அவன்மேலேயே இருந்தது.

ஐந்து இருபதுக்கு இருட்டிவிட்டது.

முதல் இரண்டு அடுக்கை மங்கல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டான். மூன்றாவது... இல்லை. போன் டார்ச்சை அடித்தான். பாறை. பாறை. ஒரு ஜூனிப்பர் புதர். பாறை. அப்புறம்தான் உறைத்தது. இல்லாத நாலு அடுக்கும் எங்கே இருக்கிறது என்று உலகத்திலேயே தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

சிரிக்காதே கிப். நான் சிரிக்கிற இடம் வரும்போது சொல்கிறேன்.

நின்றான். காற்று இல்லை. அந்த மாதிரி இடத்தில் காற்று இல்லையென்றால் உங்கள் காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கும். அதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றான்.

டொக்.

கல்லின்மேல் கல் வைக்கிற சத்தம். போடுகிற சத்தம் இல்லை, வைக்கிற சத்தம். மெதுவாக... பொறுமையாக.

டார்ச்சைத் திருப்பினான். இருபது அடி தள்ளி மூன்று கல்.

“ஹலோ? யாரது? என் வொய்ஃப் கீழ இருக்கா. அடிபட்டிருக்கு.”

கொஞ்ச தூரத்தில்... டொக்.

யாரோ வனத்துறை ஆள் என்று நினைத்தான். முரட்டு ஆள், பேசமாட்டான், ஒன்றரை ஸ்டார். பின்னாலேயே போனான். ஒரு அடுக்கு, அடுத்த அடுக்கு. அழகே இல்லாத அடுக்குகள். மூன்று கல், மூன்று கல், சரியான இடைவெளி. ஒன்றைத் தொட்டுப் பார்த்தான். மேல் கல் மட்டும் கதகதப்பாக இருந்தது. பாறை பகல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், எனக்கும் தெரியும், இயற்பியல் படிக்கிறவர்கள் வாயை மூடலாம். கீழே இருந்த இரண்டும் ஜில்லென்று இருந்தன. மேல் கல்லில் மட்டும்... ஒரு உள்ளங்கையின் சூடு.

அப்புறம் அந்த வாசனை. அந்தப் பாலைவனத்தில், அந்தக் குளிரில்... அப்போதுதான் உரித்த கமலா ஆரஞ்சுத் தோல்.

வெர்லா கடைக் கதவில் பார்த்த நோட்டீஸ் அவனுக்கு ஞாபகம் வந்ததா? வந்தது. நின்றானா? நிற்கவில்லை. கேரிக் மாதிரி ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எல்லாம் தங்களுக்கு வழி காட்டத்தான் இருக்கிறது என்று.

அடுத்த ‘டொக்’ கொஞ்சம் உயரத்தில் கேட்டது. டார்ச் அடித்தான். கோபுரம். அவன் கட்டிய அதே கோபுரம். நல்லவேளை, இனி வழி தெரியும் என்று வேகமாக நடந்தான். இன்னும் பத்து அடி... ஐந்து அடி... நின்றான்.

கோபுரத்தில் பன்னிரண்டு கல் இருந்தது.

அவன் வைத்தது பதினொன்று. பன்னிரண்டாவது ஒரு உருண்டைக் கல். உருளைக்கிழங்கு மாதிரி. அதன்மேல் ஆரஞ்சுத் தோல், அறுபடாமல் ஒரே சுருளாக உரித்தது. ஈரமாக.

இப்போது சிரிக்கலாம். ஏனென்றால் அவனைக் காப்பாற்றியது பயம் இல்லை, அறிவும் இல்லை. அந்த உருண்டைக் கல் கோபுரத்தின் அழகைக் கெடுத்துவிட்டது என்று அவனுக்கு எரிச்சல் வந்தது. யாரோ தன் வேலையில் கை வைத்துவிட்டான் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று போனைத் தூக்கி ஒரு போட்டோ எடுத்தான்.

ஃபிளாஷ் அடித்தது.

கோபுரம் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. அதற்குப் பின்னால் பாறை தெரியவில்லை. பக்கத்திலும் தெரியவில்லை. அவன் அடுத்த கால் வைக்க இருந்த இடத்தில்... ஒன்றும் இல்லை.

ஏற்கெனவே மூன்று சதவீதத்தில் இருந்த போன் அத்தோடு செத்தது.

அப்படியே உட்கார்ந்தான். கோபுரத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். எது விளிம்பு, எது பாறை என்று தெரியவேண்டுமே? தடவிப் பார்த்ததில் ஒரு சின்னக் கல் கிடைத்தது. முன்னால் வீசினான். காத்திருந்தான். நானூறு அடி... விழுந்து தெறிக்கிற சத்தம் வரவேண்டும்.

வரவில்லை. ஐந்து விநாடி. பத்து விநாடி.

கீழே, ரொம்பக் கீழே... டொக்.

விழுந்த சத்தம் இல்லை. யாரோ கையில் பிடித்து, எதன்மேலோ வைத்த சத்தம்.

அப்புறம் இன்னொன்று. இவன் எதையும் வீசவில்லை. டொக். கொஞ்ச நேரம் கழித்து... டொக். கல்மேல் கல். ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் மேலே.

அந்த இரவில் கேரிக் மார்னியை எத்தனை தடவை நினைத்தான் என்று நான் சொல்லப் போவதில்லை. அவனே வேடிடம் சொல்லியிருக்கிறான். அந்த எண்ணை நீங்கள் கேட்காமல் இருப்பதே நல்லது. கீழேயிருந்து வந்த சத்தத்தைத்தான் எண்ணிக்கொண்டிருந்தான். நானூறு வரை எண்ணினான். அப்புறம் விட்டுவிட்டான். விடியும்போது அந்தச் சத்தம் விளிம்புக்குக் கீழே ஒரு கை நீளத்தில் கேட்டது. வாசனையும் அங்கிருந்துதான் வந்தது.

அப்போது ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ் நாய் குரைத்தது.

அந்தக் கீழ்ச்சத்தம் நின்றது. வெளிச்சம் வந்ததும் ஷெரிஃபின் ஆள், டெபுடி, விளிம்பில் படுத்து எட்டிப் பார்த்தார். கீழே வெறும் செங்குத்து. ஒரு கூழாங்கல் தங்கக்கூட இடம் இல்லை.

இனி மார்னி. இருட்டி ஒரு மணி நேரத்தில் அவளுக்கு விரல் மரத்துவிட்டது. போனவன் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறதே. அப்போது பக்கத்தில்... டொக். கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் மூன்று கல். தவழ்ந்து போய்த் தொட்டாள். அடுத்த மூன்று. அதற்கும் அடுத்த மூன்று. நொண்டிக் கால் தவழ எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான் இடைவெளி. முழங்கால் கிழிய மூன்று மணி நேரம். கடைசி அடுக்கைத் தொட்டபோது தலைக்குமேல் மரக்கம்பம். இரும்புப் பெட்டி.

பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு ஆண் குரல். வயசான குரல். அலுப்பாக... தினமும் கேட்கிற கேள்வியைக் கேட்கிற மாதிரி.

“மொத்தம் எத்தனை பேர்?”

“ரெண்டு,” என்றாள் மார்னி.

பிறகு பென்சில் தாளில் உரசுகிற சத்தம். அப்புறம் அவள் மடியில் ஏதோ விழுந்தது. ஒரு சுளை.

வெள்ளைக் கார் திரும்பி வரவில்லையே என்று வெர்லா ஷெரிஃப் ஆபீஸுக்குப் போன் செய்திருந்தாள். ராத்திரி பத்து மணிக்கு டெபுடி வந்தபோது மார்னி கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் நோட்டைத் திறந்தார். பனிமலைக் குரங்கு மனிதன். 57 என்பதைப் பென்சிலால் நேராக ஒரு கோடு போட்டு அடித்திருந்தது. பக்கத்தில் 2. ‘வெளியே வந்தவர்கள்’ என்ற கட்டத்தில்... 1.

கேரிக் அப்போது உயிரோடுதான் இருந்தான். பன்னிரண்டு கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.

மறுநாள் வெர்லா அந்த நோட்டைப் பார்த்தாள். “இந்த ரெண்டுக்கு வால் சுருண்டிருக்கு பாரு,” என்றாள். “தினமும் பஸ்ல ஏறுன பசங்க எண்ணிக்கையை ஆரின் இப்படித்தான் எழுதுவார்.” டெபுடி கேரிக்கிடம் பேனாவைக் கொடுத்து, நீ வெளியே வந்துவிட்டாய், அந்த ஒன்றை இரண்டாக்கு என்றார். கேரிக் நோட்டைத் தொடவில்லை. ஓடிப்போய்க் காரில் உட்கார்ந்துகொண்டான். அந்தக் கட்டத்தில் இன்னும் 1தான்.

மார்னி இப்போது அம்மா வீட்டில் இருக்கிறாள். கேரிக் ஒரு மாதம் அடங்கியிருந்தான். அப்புறம் மத்தியானம் எடுத்த அறுபத்துமூன்றில் ஒன்றைப் போட்டான். ‘பாலைவனத்தில் என்னை நானே கண்டுகொண்டேன்’ என்று எழுதியிருந்தான். அவனைக் கண்டுபிடித்தது ஒரு நாய். முப்பத்தோராயிரம் இதயம் விழுந்தது. அதற்கப்புறம் வாரா வாரம் கூட்டம் வருகிறது, அதே இடத்தில், அதே மாதிரி படம் எடுக்க.

நாம் எதற்கு வந்தோம்? நாமும் அதற்குத்தான் வந்தோம். இன்று மத்தியானம் விளிம்பில் யார் கோபுரம் கட்டியது, கல்லை எங்கிருந்து எடுத்தது என்றெல்லாம் நான் கேட்கவில்லை. படம் நன்றாக வந்திருக்கிறது கிப். கண் மூடியிருக்கிறாய்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். காலையில் நோட்டில் எழுதியது நான்தான். என் பெயர், கல்லூரிப் பெயர், ஆட்கள் 6. நீலப் பேனாவில். கொஞ்ச நேரம் முன்னால் காரிலிருந்து விறகு எடுத்து வரப் போனேனே... பெட்டி திறந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். 6 அப்படியே இருக்கிறது. யாரும் அடிக்கவில்லை. ‘வெளியே வந்தவர்கள்’ கட்டத்தை மட்டும் யாரோ முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கிறார்கள். பென்சிலால். 5. வால் சுருண்டிருக்கிறது.

“டேய், நீயே எழுதியிருப்பே.”

எழுதியிருக்கலாம் கிப். என்மேல் உனக்கு அவ்வளவுதான் நம்பிக்கை என்றால் சரி. ஆனால் ஒன்று சொல். சாப்பாட்டுப் பையைக் கட்டியது நீதானே? அதில் கமலா ஆரஞ்சு வைத்தாயா?

...இல்லையா.

அப்படியானால் இந்த வாசனை எங்கிருந்து? உன் போர்வையை உதறு.